துண்டும் துரைத்தனமும்: மலையகத் தோட்ட மக்களும் அரசாங்கம் பற்றிய நம்பிக்கையும்

ஆட்சியின் மீது மக்கள் வைக்கும் நம்பிக்கையினை ஆராய்வோர் பெரும்பாலும் தேர்தல் முடிவுகளையும் தலைவர்தம் செல்வாக்கினையும் அரசியலமைப்புக்களையுமே அளவுகோலாகக் கொள்வர். ஆயின் சாதாரண மனிதன் அரசினைக் காண்பது பாராளுமன்றத்திலன்று. கச்சேரியின் விறாந்தையிலும் தபாற் கந்தோரின் சாளரத்தருகிலும் கிராம சேவகரின் மேசை முன்னிலையிலுமே அவன் அரசினை நேருக்கு நேர் சந்திக்கின்றான். அச்சந்திப்பிலே இருசாராருக்கும் இடையிற் கைமாறுவது ஒரு கடதாசித் துண்டு. அத்துண்டு கிடைத்ததா, எத்தனை முறை அலைந்தபின் கிடைத்தது, கொடுத்தவர் எம்மொழியிற் பேசினார் என்பனவற்றைக் கொண்டே அவன் அரசினை மதிப்பிடுகின்றான்.

தென்னாசிய நாடுகளில் மக்கள் அதிகாரவர்க்கத்தினை நம்புவதில்லை என்ற கூற்று இன்று பெருவழக்காகிவிட்டது. கல்வியறிவின்மை, கையூட்டு, உறவினர்க்குச் சலுகை ஆகியன அதற்குரிய காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவை பொய்யல்ல. ஆயினும் நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றினை நோக்குமிடத்து வினாவினையே திருப்பிப் போட வேண்டியிருக்கின்றது. மக்கள் அரசினை நம்பினரா எனக் கேட்குமுன் அரசு மக்களை நம்பியதா எனக் கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்கு மலையகம் தரும் விடையினை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்ட மக்களின் வாழ்வில் முதன்முதல் அதிகாரம் பெற்ற கடதாசி அரசாங்கத்தினுடையதன்று, தோட்டத் துரையினுடையது. அதற்குத் 'துண்டு' என்றே பெயர். தொழிலாளி ஒருவன் தன் கங்காணியின் கீழ்ப்பட்ட கூட்டத்தோடு ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குப் போக விரும்பினால், இன்ன தொகைக் கடன் தீர்க்கப்படின் இன்னாரை விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டாகும். கங்காணி அதனைக் கையிலேந்தித் தோட்டந் தோட்டமாகச் செல்வான். புதிய துரை கடனைக் கட்டுவான். கட்டிய தொகை மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே விழும். இவ்வாறு கைமாறுந்தோறும் கடன் வளர்ந்ததேயன்றிக் குறைந்ததில்லை. எழுத்தறியாத மனிதனின் விலை, அவனால் வாசிக்க இயலாத ஒரு சீட்டிலே எழுதப்பட்டிருந்தது. துண்டின்றி வெளியேறியவன் ஓடிப்போனவனாகக் கருதப்பட்டான். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி வேலையை விட்டோடுதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. துரை எழுதிய சீட்டுக்கு நீதிமன்றமும் பொலிசும் காவல் நின்றன என்பதே இதன் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டோரின் கழுத்தில், தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகர வில்லை ஒன்று தொங்கவிடப்பட்டது. கடதாசி மழையில் நனையும், தகரம் நனையாது என்ற முன்யோசனை போலும்!

துண்டு முறை 1921இற் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. 1923இல் இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவர் கண்டியில் அமர்ந்தார். 1927இற் குறைந்தபட்ச வேதனச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளரின் முறைப்பாட்டினைக் கேட்பதையே தம் கடமையாகக் கொண்டு வந்தமர்ந்த அதிகாரி, அவர்கள் வாழ்ந்த நாட்டின் அதிகாரியாக இல்லாமல் பிறிதொரு நாட்டின் அதிகாரியாக இருந்தமை ஈண்டு நோக்கற்பாலது. பிற்காலத்தில் இம்மக்களை 'இந்தியாவை நோக்கி நிற்பவர்' எனக் குறைகூறிய அரசியல்வாதிகள் இச்செய்தியை நினைவு கூர்ந்ததாகத் தெரியவில்லை.

எனினும் 1930களிலே தோட்ட மக்கள் அரசின்பால் நம்பிக்கை கொள்ளத் தலைப்பட்டனர் என்றே கூறவேண்டும். டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் 1931இல் நடைபெற்ற தேர்தலில், வதிவிடம் பற்றிய நிபந்தனைகளுக்கு உட்பட்டேனும், தோட்டத் தொழிலாளர் பலர் வாக்காளராயினர். ஹற்றன் தொகுதியிலிருந்து சென்ற பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராயினார். 1936இல் அதே தொகுதியிற் கோ. நடேசையர் வெற்றியீட்டினார். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் சூட்டுக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானதும், அதனை விசாரிக்க ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவி சார்பிலே கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். தோட்டத்தில் நடந்த ஒரு மரணத்துக்காகத் துரைமாரும் பொலிசாரும் கேள்விக்கு விடை கூறவேண்டிய நிலை அன்று தோன்றியது. துரைக்கு மேலே ஒருவர் உண்டு என்ற எண்ணம் லயன்களிலே முளைவிட்ட காலம் அதுவே. 1947இன் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் நுவரெலியாவிற் சௌ. தொண்டமானும் தலவாக்கொல்லையிற் சி. வி. வேலுப்பிள்ளையும் மற்றும் சிலரும் தெரிவாகியமை அவ்வெண்ணத்தின் முதிர்ச்சியாகும்.

அடுத்த தேர்தலில், அதாவது 1952இல், இச்சமூகத்தினின்றும் ஒருவர்தானும் தெரிவாகவில்லை. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நிகழ்ந்தவை இலங்கை வரலாறு பயில்வோர் யாவரும் அறிந்தவையே. எனினும் அவற்றை அரசியற் கட்சிகளின் பேரமாக மட்டும் காணாது, கடதாசியின் வரலாறாகவும் காணுதல் தகும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாவதற்குத் தந்தையும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். சட்டத்தின் சொற்களில் இனப்பெயர் எதுவுமில்லை. ஆனால் பூட்டனின் பிறப்புக்குச் சான்று காட்டுதல் எவரால் இயலும்? இந்நாட்டிற் பிறப்புப் பதிவு சட்டமாக நிலைபெற்றதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். கண்டிய விவசாயியிடமும் அக்கடதாசி இருந்ததில்லை. அவனை எவரும் கேட்கவுமில்லை. கேட்கப்பட்டவன் தோட்டத் தொழிலாளி மட்டுமே. அவன் வீட்டுப் பிள்ளையின் பிறப்புச் செய்தியோ துரையின் கையினூடாகவே பதிவாளரைச் சென்றடைந்தது. துரை எழுதாத பிறப்பு அரசின் கண்ணிற் பிறப்பாகாது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வேறொரு கதவினைத் திறந்தது. 1946 சனவரி முதலாம் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்திருப்பின் பதிவுப் பிரஜையாகலாம். விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம். அது 1951 ஆகஸ்டு 5ஆம் திகதியுடன் முடிவுற்றது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தினைப் பகிஷ்கரித்தது. பின்னர் மனம் மாறி, இறுதி மாதங்களிலே விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் பணியினை இரவு பகலாக மேற்கொண்டது. கொள்கை நோக்கிற் பகிஷ்கரிப்பு நியாயமானதே. ஆயின் அதற்குச் செலவான மாதங்கள் தலைவர்களுடையனவல்ல, தொழிலாளருடையன என்பதையும் சொல்லாமல் விடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் 8,24,000 பேர் சார்பிற் சென்றன. தம்மை ஒதுக்கிய அரசிடமே இத்தனை பேர் படிவம் நிரப்பிக் கொடுத்தனர் என்பதனை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். இது நம்பிக்கையின்மையின் செயலன்று. மனுக் கொடுப்பவன், மனுவை வாசிப்பவர் ஒருவர் உளர் என நம்பியே கொடுக்கின்றான்.

அம்மனுக்கள் எவ்வாறு வாசிக்கப்பட்டன? ஒரே ஆள் செக்றோலில் ஒரு பெயராலும் பிறப்புப் பதிவில் வேறொரு பெயராலும் குறிக்கப்பட்டிருந்தால் இருவராகக் கொள்ளப்பட்டான். தாயின் சாவுக்கோ தங்கையின் திருமணத்துக்கோ ஊருக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கியவனின் வதிவு அறுந்துபோனதாகக் கருதப்பட்டது. வயது முதிர்ந்த பெற்றோருக்கு இந்தியாவுக்குப் பணம் அனுப்பியமை, இந்நாட்டில் நிலைத்து வாழும் எண்ணம் இல்லாமைக்குச் சான்றாயிற்று. குறை காணப்பட்டால் ஆணையாளரிடமிருந்து அறிவித்தல் வரும். மூன்று மாதங்களுள் காரணம் காட்டாவிடின் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அவ்வறிவித்தல் தொழிலாளியின் கைக்கு எவ்வாறு வரும்? லயன் காம்பராவுக்கு முகவரி கிடையாது. தபால் தோட்டக் கந்தோருக்கு வரும். கந்தோரிலிருந்து கணக்கப்பிள்ளையின் கைக்கு வரும். கணக்கப்பிள்ளைக்கு நினைவு வந்தால் பெரட்டுக் களத்திற் பெயர் கூறி அழைக்கப்படும். வந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் அதனை வாசிக்க வல்லவரைத் தேட வேண்டும். மூன்று மாதம் என்பது கொழும்பிலிருந்து பார்க்கையில் நீண்ட அவகாசமே.

மேன்முறையீடு செய்ய உயர் நீதிமன்றம் இருந்தது. சட்டத்தரணியைப் பிடிக்க வசதி பெற்ற சிலர் அங்கு வெற்றி பெற்றதையும் ஆணையாளரின் முடிவுகள் தள்ளிவைக்கப்பட்டதையும் சட்ட அறிக்கைத் தொகுதிகளிற் காணலாம். ஆயின் சட்டங்களின் அடிப்படையினையே எதிர்த்த கோடாகன்பிள்ளை வழக்கிற் கோமறைக் கழகம் 1953இல் அரசுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. 1952இற் காங்கிரசார் பிரதம மந்திரியின் காரியாலயத்தின் முன்னே மாதக்கணக்கில் நடத்திய சத்தியாக்கிரகமும் பயன் தரவில்லை. விண்ணப்பங்கள் யாவும் ஆராய்ந்து முடிக்கப்படுவதற்கு 1960களின் தொடக்கம் வரை சென்றது. முடிவிற் பிரஜாவுரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேர். நூற்றுக்குப் பதினாறு பேர் மட்டுமே.

மாக்ஸ் வெபர், பணிக்குழுவாட்சியின் சிறப்பு ஆள் முகம் பாராது விதியினை மட்டும் பார்த்தல் என்பார். இங்கு விதி பார்க்கப்பட்டது. ஆனால் அவ்விதியை நிறைவேற்றத் தேவையான கடதாசி ஒவ்வொன்றும் ஏதோவொரு முகத்தின் தயவில் இருந்தது. துரையின் முகம் கடுத்தால் செக்றோல் பிரதி இல்லை; எழுதுவினைஞரின் முகம் கடுத்தால் பழைய பதிவுப் புத்தகம் இல்லை. இது மலையகத்துக்கு மட்டும் உரிய அனுபவமன்று. அசாம் மாநிலத்திற் பிரஜைகளின் தேசியப் பதிவேடு 2019 ஆகஸ்டு 31இல் வெளியானபோது, 19 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் இடம்பெறவில்லை. 1971 மார்ச்சு 24ஆம் திகதிக்கு முற்பட்ட கடதாசியைத் தேடி அங்குள்ள ஏழை மக்கள் அலைந்த செய்திகளைப் படித்தபோது, ஹற்றன் தபாற் கந்தோரின் முன்னே நின்ற எம் முன்னோரே என் மனக்கண்முன் தோன்றினர்.

1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றாயிற்று. 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டோரை எவரும் கேட்கவில்லை. பின்னர் கேட்டபோது கிடைத்த விடை ஒப்பந்தத்தின் கணக்கோடு பொருந்தவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டி விண்ணப்பித்தோர் ஒதுக்கப்பட்ட தொகையினும் மிகுந்திருந்தனர். இந்தியாவை வேண்டியோர் அத்தொகையினை எட்டவேயில்லை. ஒரு சமூகம் முழுவதும் எந்த நாட்டினைத் தன் நாடாகக் கருதியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர் யாவரும் விரும்பி எழுதியவரல்லர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டிய விதத்தினை முதியோர் இன்றும் நடுக்கத்தோடு கூறுவர். பசியே பலருக்குக் கடவுச்சீட்டு எழுதியது. தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' எனப் பெயரிட்டனர். அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம் சென்று, நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும் பிறவிடங்களிலும் குடியேறியோர் அங்கும் சான்றிதழ்களோடு போராடிய கதை தனிக் கட்டுரைக்குரியது. 1984இற் கப்பற் சேவை நின்றது. கையிற் கடவுச்சீட்டும் கண்முன்னே மூடிய துறைமுகமுமாக எஞ்சியோர் பலர்.

இதற்கிடையே அரசின் முகமும் மாறியிருந்தது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. வெள்ளைத் துரை போய் அரசாங்கமே துரையாயிற்று. இதனை விடுதலையென வரவேற்றவரும் உளர். ஆயின் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தினை எதிர்த்த தொழிலாளர் மீது 1977 மே மாதம் டெவன் தோட்டத்திற் பொலிசார் சுட்டதில் சிவனு இலட்சுமணன் என்ற இளைஞர் உயிர் துறந்தார். முல்லோயாவுக்கும் டெவனுக்கும் இடையில் முப்பத்தேழு ஆண்டுகள். முன்னதிற் சுடப்பட்டவனுக்கு வாக்குரிமை பெற்ற ஒரு சமூகம் பின்னே நின்றது. பின்னதில் அச்சமூகத்தின் பெரும்பகுதி நாடற்றதாயிருந்தது.

அரசு விட்ட இடத்தினைத் தொழிற்சங்கம் நிரப்பிற்று. பிறப்புச் சான்றிதழா, அடையாள அட்டையா, சேமலாப நிதியா, எதற்கும் முதலிற் செல்லுமிடம் ஹற்றன் நகரத்துச் சங்கக் காரியாலயமே. மாதச் சந்தா கொடுத்தவருக்குப் படிவம் நிரப்பப்படும். சங்கங்கள் ஆற்றிய இப்பணி பெரிது. அஃதின்றேல் பலர் இன்றும் கடதாசியற்றவராகவே இருந்திருப்பர். ஆயினும் அரசிடமிருந்து உரிமையாகப் பெறவேண்டியதைத் தலைவரின் உதவியாகப் பெறும் வழக்கம் இதனால் வேரூன்றியது என்பதனை மறுத்தற்கில்லை. நம்பிக்கை அரசின்மேல் வளராது, தலைவர்மேல் வளர்ந்தது. இதில் நட்டம் அடைந்தது அரசு மட்டுமன்று.

நாடற்றோர் பிரச்சினை 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் படிப்படியாகத் தீர்க்கப்பட்டது. இவற்றுள் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே என் வாதத்துக்கு இன்றியமையாதது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவழியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜைகளே என அச்சட்டம் கூறிற்று. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோர் தம் விருப்பத்தினைப் பிரகடனமாக எழுதிக் கொடுத்தாற் போதும். சமாதான நீதவான் கையொப்பமிடுவார். பூட்டனின் பிறப்பு வேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஸ்தானிகராலயத்தின் உதவியோடு தோட்டங்களுக்கே சென்று நடத்திய இயக்கத்தில், பத்தே நாள்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரஜாவுரிமை பெற்றனர். முன்னர் பத்தாண்டுக்கு மேலாக இழுபட்டு 1,34,000 பேருக்குக் கிடைத்தது, இம்முறை பத்து நாள்களில் அதனினும் கூடுதலானோருக்குக் கிடைத்தது. மக்கள் மாறிவிடவில்லை, அதே லயன், அதே எழுத்தறிவு, அதே மலை வழி. மாறியது ஒன்றே: மனிதனின் சொல்லை அரசு ஏற்றுக்கொண்டது.

என் அப்பாயியிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. 1951இல் விண்ணப்பித்த என் பூட்டனாருக்கு வந்த நிராகரிப்புக் கடிதமும், பழைய கூப்பன் புத்தகத்தின் மட்டையும், 2003இன் கடதாசியும் அதனுள் ஒன்றாகவே இருக்கின்றன. இனி அந்தப் பழைய கடிதம் எதற்கு என ஒருமுறை கேட்டேன். "இருக்கட்டும்யா, நாளைக்கு வேறொருத்தர் வந்து இதையே கேட்டா?" என்றார். இருபதாண்டுக்கு மேலாகப் பிரஜையாக வாழ்ந்து ஒவ்வொரு தேர்தலிலும் வாக்களித்தவரின் கூற்று இது. இதனை அறியாமை எனக் கூற என்னால் இயலவில்லை.

பிரஜாவுரிமை வந்த பின்னரும் சாளரங்கள் நெருங்கி வரவில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நுவரெலியா மாவட்டத்திற் பிரதேச செயலாளர் பிரிவுகள் ஐந்து மட்டுமே இருந்தன. அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பிரிவுகளிலும் தனித்தனியே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். அயலிலுள்ள கண்டி மாவட்டத்துக்கு இருபது பிரிவுகள் உண்டு. பிரிவுகளை அதிகரிக்கும் வர்த்தமானி அறிவித்தல் 2019இலேதான் வெளியாயிற்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவோ, தோட்டக் குடியிருப்புக்களுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. வாக்களித்துத் தெரிவு செய்த சபையால், வாக்களித்தவரின் வாசலுக்குப் பாதை போட இயலாத இவ்விந்தை 2018இலேதான் திருத்தப்பட்டது. மொழியைப் பற்றியும் கூறவேண்டும். 1999இலே இருமொழி நிருவாகப் பிரிவுகள் பிரகடனம் செய்யப்பட்டன. எனினும் தமிழ் தெரிந்த அலுவலர் விடுமுறையில் என்ற விடையினைக் கேளாதவர் எம்மிடையே அரியர்.

தபாலும் அவ்வாறே. பல தோட்டங்களில் இன்றும் கடிதம் தோட்டக் கந்தோருக்கே வந்து சேர்கின்றது. எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த ஆண்டிலே, அது பற்றிய கடிதம் எங்கள் தோட்டத்துக் கந்தோரின் மேசையில் ஒன்பது நாள் கிடந்தது. ஹற்றனில் என்னோடு படித்த நண்பனுக்குக் கடிதம் வந்துவிட்டது எனக் கேள்விப்பட்டு என் தந்தையார் தாமே கந்தோருக்குச் சென்று கேட்டார். எழுதுவினைஞர் கட்டினைப் புரட்டி எடுத்துத் தந்தாராம். பதிவுக்கு அப்போது நான்கு நாள்கள் எஞ்சியிருந்தன.